மூன்றாவது ஃப்ரெட்டில் ஆறு பள்ளங்கள்

விற்ற கிட்டார் வீட்டுக்கு வந்துவிட்டது. கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அதேதானா? எப்படிச் சொல்றீங்க?" என்பதுதான். அதேதான். கம்பிகளின் அடி நுனி கட்டியிருக்கும் பிரிட்ஜுக்குக் கீழே, மேல் பலகையின் ஓரமாக, மிளகு அளவுக்கு ஒரு கருகல் இருக்கிறது. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, "எய்யா, அதுவும் வித்தைதானே, கொண்டாந்து வை" என்று சொல்லி, கிட்டாரையும் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கச் சொன்னாள். சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. வாழைப்பழத்தில் குத்தி வைத்த ஊதுபத்தி சாய்ந்து பலகையில் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை, கவனித்தபோது பாலிஷைத் தாண்டி மரம் கருகியிருந்தது. இப்போது அம்மா இல்லை. நான் அந்தக் கிட்டாரைத் தேடிப் போனதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய காரணம் இதுதான்.

வாங்கியது 1996-ல். கல்கத்தாவில் செய்தது. அந்த ஊரில் லால்பஜார் பக்கம், ரவீந்திர சரணியில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கும். ஆர்மோனியம், சிதார், தபலா மாதிரியே கிட்டார் செய்வதும் அங்கே பெரிய தொழில், அங்கிருந்து நாடு முழுக்கப் போகும். வெளிநாட்டுக் கிட்டாரின் விலை எங்களைப் போன்ற வீடுகளுக்கு எட்டாது, அதனால் எனக்குத் தெரிந்து அப்போது திருநெல்வேலியில் கிட்டார் பழகிய பையன்கள் கையில் இருந்ததெல்லாம் கல்கத்தா கிட்டார்தான். சென்னையில் இருந்த மாமா, மவுண்ட் ரோட்டில் 1842-லிருந்து இருக்கிற மியூசி மியூசிக்கலில் வாங்கி, நெல்லை எக்ஸ்பிரஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

கிட்டாராகப் பார்த்தால் அது சுமாரான கிட்டார். நல்ல கிட்டார் என்றால் மேல் பலகை ஒரே மரமாக, பெரும்பாலும் ஸ்ப்ரூஸாக இருக்கும், கம்பி அதிர்ந்தால் பலகையும் கூடவே அதிரும். இது பிளைவுட். தகடு தகடாக ஒட்டிய பலகை அவ்வளவு சுலபமாக அதிராது, அதனால் சத்தம் கொஞ்சம் அடங்கித்தான் வரும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பிளைவுட் வெடிக்காது. ஒரே மரத்தில் செய்த விலை உயர்ந்த கிட்டார்கள் வறண்ட ஏசி அறையில் கிடந்து விரிசல் விட்டதைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன். இந்தக் கிட்டார் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்கு அதன் மலிவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சொல்லிக்கொடுத்த சார் பாளையங்கோட்டையில் ஒரு சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். பையன்கள் எல்லாம் கார்டு பிடித்து, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி மீட்டி, பாட்டுப் பாடத்தான் வருவார்கள், அவரோ மாதக்கணக்கில் கார்டு பக்கமே போக விட மாட்டார். "கார்டு எங்கயும் ஓடிறாது. மொதல்ல வெரல் நடக்கணும்" என்பார். கிட்டார் கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளைத்தான் ஃப்ரெட் என்பார்கள். ஐந்தாவது ஃப்ரெட்டில் கையை வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஸ்கேல், அதாவது ஸ்வர வரிசை, வாசிக்க வேண்டும், அவர் கையால் மேசையில் தட்டுவார். அதே இடத்தில், அதே கம்பிகளில், காலையிலும் சாயங்காலமும். அப்போது சலிப்பாக இருந்தது, ஆனால் இன்று என் விரலில் மிச்சம் இருக்கும் சங்கீதம் அந்த ஐந்தாவது ஃப்ரெட்டில் வந்ததுதான்.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இருந்தவர்களுக்கு அந்த அறைகளின் அளவு தெரியும். கட்டில் போட்டால் கிட்டாருக்கு இடம் இல்லை, கட்டிலுக்கு அடியில்தான் படுத்துக்கிடக்கும். ராத்திரி மொட்டை மாடியில் கடல் காற்று வரும் நேரத்தில் எடுத்துக்கொண்டு போனால் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். தூத்துக்குடிக்காரர் ஒருவர், பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர், எல்லாருக்கும் முன்னால் வந்து எல்லாரும் போன பிறகு போவார். வாசிக்கத் தெரியாது, கேட்பார். நடுவில் "அந்த எறக்கத்த இன்னொருக்க வாசிங்க" என்பார்.

2004-ல் கல்யாணம் நிச்சயமானது. வீடு பார்க்க வேண்டும். நங்கநல்லூரில் பிடித்த வீட்டுக்கு வாடகை 3,500, அட்வான்ஸ் பத்து மாசம், அதாவது 35,000. சேமிப்பு, ஆபீஸில் வாங்கிய கடன், அண்ணன் அனுப்பியது எல்லாம் சேர்த்தும் கொஞ்சம் இடித்தது. தூத்துக்குடிக்காரர் 1,200 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார், உறையோடு கொடுத்துவிட்டேன். மொத்தத் தொகையில் அது சின்னத் துண்டுதான், ஆனால் அந்த வாரம் அந்தத் துண்டுதான் குறைந்தது. விற்றதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. அந்த வீட்டில்தான் மகள் பிறந்தாள், அம்மா வந்து இருந்து பார்த்ததும் அந்த வீட்டில்தான். அந்தக் கிட்டார் தன் பங்குக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்லாவது வாங்கிக்கொடுத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் வசதி வந்தபோது வேறு கிட்டார் வாங்கினேன். மேல் பலகை ஒரே ஸ்ப்ரூஸ், நெக், அதாவது கழுத்து, நேராக இருக்கும், சுருதி நிற்கும். எந்த வகையில் பார்த்தாலும் பழையதைவிட நல்ல கருவி. அதனால்தான் சொல்கிறேன், நான் தேடியது சத்தத்தை இல்லை. பழைய மரம் வாசிக்க வாசிக்க இனிக்கும் என்று கிட்டார்காரர்கள் சொல்வார்கள், ஒரே மரத்தில் செய்த பலகைக்கு அப்படி நடக்கலாம். கல்கத்தா பிளைவுட்டுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பொருள். அம்மா சந்தனம் வைத்த பொருள், சார் மேசையில் தட்டத் தட்ட நான் வாசித்த பொருள்.

போன வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் எதிரே அந்தத் தூத்துக்குடிக்காரர் உட்கார்ந்திருந்தார். பேங்கில் மேனேஜர் ஆகிவிட்டார், முடி போய்விட்டது, ஆனால் சிரிப்பு அதேதான். கை கழுவிய இடத்திலேயே கேட்டுவிட்டேன். "அதுவா? நான் எங்க வாசிச்சேன், தம்பிதான் வச்சிருக்கான். கோயில்ல கொயர்ல வாசிக்கான்" என்றார். இன்னும் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகு தூக்கம் வரவில்லை. ஜூலை கடைசியில் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டேன்.

நான் போன நேரம் பனிமய மாதா கோயில் திருவிழா. ஜூலை 26-ல் கொடியேற்றி ஆகஸ்ட் 5-ல் முடியும், கடற்கரை ரோட்டில் நடக்க இடம் இருக்காது. இப்போது இருக்கும் கோயில் கட்டிடம் 1713-ஐச் சேர்ந்தது. தம்பி வாசிப்பது அங்கே இல்லை, ஊருக்குள் ஒரு சின்னக் கோயிலில். கத்தோலிக்கக் கோயில்களில் வெகுகாலம் பூசை லத்தீனில்தான் நடந்தது, ஆர்கன்தான் முதன்மையான கருவி. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் அந்தந்த ஊர் மொழி உள்ளே வந்தது, மற்ற வாத்தியங்களுக்கும் இடம் கிடைத்தது. சர்ச் ஆர்கன்காரரிடம் பழகிய என் கிட்டார் கடைசியில் ஒரு கோயில் பாடகர் குழுவிலேயே போய் உட்கார்ந்திருந்ததை நினைத்து, சார் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று தோன்றியது.

தம்பி என்றாலும் நாற்பதைத் தொட்டவர். உப்பளத்துக் கணக்கு வேலை. மக்ரூனும் காப்பியும் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கிட்டாரை எடுத்து வந்தார். உறை இல்லை, நான் கொடுத்த உறை எப்போதோ கிழிந்துவிட்டதாம். அம்மா புடவையைத் தைத்த ஒரு வார் தொங்கியது, அவருடைய அம்மா. அதை மாட்ட நெக் சேருகிற இடத்தில் துளை போட்டு ஒரு குமிழ் திருகியிருந்தார்கள். கீழ்ப்பக்கம் இன்னொரு துளை, பிக்அப் வைத்து மைக் செட்டுக்கு ஒயர் கொடுக்க. உப்புக்காற்றில் சுருதி சேர்க்கிற கீ எல்லாம் துருவேறி, இரண்டு கீக்குக் குமிழே இல்லை, குறட்டால் திருகுகிறார். பிரிட்ஜ் பின்பக்கம் எழும்பி, விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. நான் கருகலைத் தேடினேன். இருந்தது. "அது எங்க வீட்டுல மெழுகுவத்தி விழுந்ததுன்னு எம்பொண்ணு எல்லாருட்டயும் சொல்லுவா" என்றார். அந்தச் சிறுமிக்கும் அந்தக் கருகலுக்கு ஒரு கதை இருந்திருக்கிறது. நான் அப்போது ஊதுபத்திக் கதையைச் சொல்லவில்லை, பிற்பாடு அன்றே அவரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன்.

வாங்கி வாசித்துப் பார்த்தேன். கம்பி அத்தனை உயரத்தில் நின்றது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்குச் சுகம், இதில் அரை சென்டிமீட்டர். ஆறு கம்பியையும் சுருதி சேர்த்துக் கட்டினால் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 70 கிலோ இழுவிசை. ராத்திரியும் பகலும் வருஷக்கணக்கில் அந்த இழுப்பு இருந்தால் நெக் முன்னால் வளையும், பிரிட்ஜ் எழும்பும், கம்பி மேலே போகும். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வாசித்திருக்கிறார். அவருடைய இடது கை விரல் நுனிகளைப் பார்த்தேன், காய்த்துப்போய்க் கட்டையாக இருந்தது.

அப்புறம்தான் ஃப்ரெட்டைக் கவனித்தேன். எனக்கு இந்த விஷயத்தில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃப்ரெட் கம்பிகள் நாம் பூஜைப் பாத்திரத்துக்கு ஜெர்மன் சில்வர் என்று சொல்வோமே, அந்த வகை உலோகம். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. கிட்டார் கம்பியின் எஃகு அதைவிடக் கடினம். அழுத்தி அழுத்தி வாசிக்கும்போது ஃப்ரெட்தான் தேயும், அம்மிக்கல் நடுவில் குழிவதுபோல, கை அதிகம் போகிற இடத்தில் மட்டும். முதல் ஃப்ரெட்டில் இரண்டாவது கம்பிக்கு அடியில் பள்ளம் இருந்தால் அங்கே சி கார்டும் ஏ மைனரும் நிறையப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கிட்டாரில் யார் என்ன வாசித்தார்கள் என்பதை ஓரளவு ஃப்ரெட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்தக் கிட்டாரில் மூன்றாவது ஃப்ரெட்டில் ஆறு கம்பிக்கும் வரிசையாக ஆறு பள்ளம். ஒரே கையால் அப்படி எல்லாக் கம்பியிலும் சமமாகத் தேய்க்க முடியாது. "மூணுல கேப்போ போடுவீங்களா?" என்றேன். கேப்போ என்றால் எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வி. அவர் ஆச்சரியப்பட்டார். "ஆமாண்ணே, எப்பவும் மூணுதான். பொம்பளப் பிள்ளைங்க பாடுற சுருதிக்கு அதான் சரியா வரும்." கேப்போவுக்கு அடுத்து நான்காவது ஃப்ரெட்டில் இரண்டாவது கம்பிக்குக் கீழே ஆழமான பள்ளம். கேப்போ போட்ட பிறகு சி கார்டு அங்கேதான் வந்து விழும். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அங்கே இருந்தது.

ஆனால் ஐந்து முதல் எட்டு வரை, முதல் இரண்டு கம்பிகளுக்கு அடியில், மெல்லிய சின்னச் சின்னத் தேய்வு. "இங்க வாசிப்பீங்களா?" என்று கேட்டேன். "நான் அங்கிட்டு போறதே இல்லண்ணே, எனக்கு கார்டு மட்டுந்தான் தெரியும்" என்றார். அவருடைய அண்ணனும் வாசிக்கவில்லை. அப்படியென்றால் அது நான். பாளையங்கோட்டையில் காலையிலும் சாயங்காலமும் சார் தட்டத் தட்ட நடந்த விரல். என் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு ஒன்றும் இல்லை. நான் அவருக்கும் காட்டினேன். இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் கிட்டாரைச் சாய்த்துப் பிடித்து, இது உங்களது, இது என்னுடையது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாங்கிக்கொண்டு போகிறேன் என்று கேட்கத்தான் போனேன், ஆனால் அதைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. அவரேதான் கேட்டார். "எடுத்துட்டுப் போங்கண்ணே. நீங்க பாக்குற பார்வையிலேயே தெரியுது." பணம் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பூசைக்கு வாசிக்கிறவர் கையிலிருந்து வெறுங்கையோடு வாங்கிக்கொண்டு வர எனக்கும் முடியாது. பேசிப் பேசி, மைக் செட்டில் மாட்டுகிற மாதிரி பிக்அப் உள்ள யமஹா எஃப்எக்ஸ் 310 ஒன்றை நான் வாங்கி அனுப்புவது, அது வந்து சேருகிறவரை பழையது அங்கேயே இருப்பது என்று முடிவானது. ஒரு நிபந்தனை வைத்தார். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பாட வீடு வீடாகப் போகும்போது இந்தக் கிட்டார்தான் வேண்டும், பிள்ளைகள் இதைத்தான் கேட்பார்கள், அந்த ஒரு வாரம் வர வேண்டும். சரி என்றேன். என்னையும் சேர்த்து வரச் சொல்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

சென்னையில் வடபழனிப் பக்கம் வீட்டிலேயே கிட்டார் ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஸ்டூடியோக்காரர்களின் வாத்தியங்கள் அவரிடம்தான் வரும். இந்தப் பிளைவுட் கிட்டாரை வாங்கி, அவற்றுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு துணி விரித்து அதன் மேல் படுக்கவைத்தார். இஸ்திரிப் பெட்டியால் பிரிட்ஜைச் சூடாக்கி, மெல்லிய தகட்டுக் கத்தியை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினார். முன்னே யாரோ வெள்ளைப் பசையைப் பூசி ஒட்டியிருந்ததை முழுக்கச் சுரண்டிவிட்டு வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினார். பழைய ஆசாரிகள் பயன்படுத்திய அதே வஜ்ஜிரம். "நாளைக்கு இன்னொருத்தன் கழட்டணும்னா சூடு காட்டினா விட்டுடும், மரத்த ஒடைக்க வேணாம் தம்பி" என்றார். தனக்குப் பிறகு கழற்றப்போகிறவனையும் மனதில் வைத்து ஒட்டுகிற கையை நான் அதிகம் பார்த்ததில்லை. நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியை அலன் கீயால் கால் சுற்று முறுக்கி, இரண்டு நாள் விட்டு, மறுபடி கொஞ்சம் முறுக்கினார். ஃப்ரெட்போர்டைத் துடைத்துவிட்டு, இது ஈட்டி மரம் என்று காட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற ஈட்டியைத்தான் உலகம் முழுக்கக் கிட்டார் செய்கிறவர்கள் தேடி வாங்குகிறார்கள். அதை வெட்டக் கட்டுப்பாடு வைத்துத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே வந்தது. ஒரு மலிவுக் கிட்டாரில் அது இருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

கடைசியாக ஃப்ரெட். பள்ளம் இருக்கிற வரைக்கும் கம்பி இரையும், கம்பியை இறக்கவும் முடியாது. அரம் போட்டுச் சமன் செய்ய வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பள்ளங்களைப் பார்த்துவிட்டு வந்துதானே இத்தனையும். விட்டுவிட்டு அப்படியே சுவரில் மாட்டலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். தம்பிக்கு போன் போட்டுக் கேட்டேன். "வாசிக்கிற சாமான்தானேண்ணே, வாசிக்கிற மாதிரி பண்ணிருங்க" என்றார். அவர் பள்ளமும் அதில் இருக்கிறது, அவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. போட்டோ மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, சரி போடுங்கள் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்து பார்த்தேன். எல்லா ஃப்ரெட் உச்சியிலும் மார்க்கரால் கறுப்பு மை பூசினார். நேர்ப்பலகையில் ஒட்டிய உப்புத்தாளை நீளவாக்கில் இழுத்தார். தொட்ட இடமெல்லாம் மை போய் வெள்ளி தெரியும், பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். இழுக்க இழுக்க ஒவ்வொரு கறுப்பாகக் கரைந்தது. என்னுடையவை மெல்லிய தேய்வு, முதலிலேயே போய்விட்டன. மூன்றாவது ஃப்ரெட்டின் ஆறும், நான்காவதில் அந்த ஒன்றும் வெகுநேரம் நின்றன. பிறகு அவையும் போயின. உச்சிகளை மறுபடி உருட்டி, பாலிஷ் போட்டு, புதுக் கீயும் புதுக் கம்பியும் மாட்டிக் கொடுத்தார். கருகலையும், வார் மாட்டுகிற குமிழையும், பிக்அப் துளையையும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

இப்போது விரலுக்கு வெண்ணெய் மாதிரி இல்லாவிட்டாலும் நன்றாகவே இருக்கிறது. சத்தம் முன்புபோல அடங்கித்தான் வருகிறது, எனக்கு அது போதும். தினமும் முதலில் ஐந்தாவது ஃப்ரெட்டில் சார் சொன்ன ஸ்கேல், அப்புறம் தம்பி அனுப்பிய கேரல் பாட்டுகள். லிஸ்டில் பாதிக்கு மேல் நான் கேட்டறியாத பாட்டு, எல்லாம் மூன்றில் கேப்போ போட்டு வாசிக்க வேண்டியவை. போனில் அவர் பாடிக் காட்டுகிறார், நான் பிடிக்கிறேன், தப்பு வந்தால் நிறுத்தச் சொல்கிறார். முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிசம்பருக்கு டிக்கெட் போட்டாயிற்று. மகளும் வருகிறேன் என்கிறாள். கிட்டாருக்கு நல்ல கெட்டியான பெட்டி ஒன்று வாங்க வேண்டும், கடற்கரைக் காற்றுக்குக் கம்பி ஒரு செட் கூடுதலாக எடுத்துப்போக வேண்டும்.